ஃபார்ம், பிளாண்டேஷன், எஸ்டேட்: எல்லாமே தோட்டம்தானா?

கேள்வி: ஆங்கிலத்தில் ஃபார்ம், பிளாண்டேஷன், எஸ்டேட், ஆர்ச்சர்ட், ராஞ்ச் என்று பல சொற்கள் இருக்கின்றன. நாம் எல்லாவற்றையும் தோட்டம், பண்ணை என்று சொல்லிவிடுகிறோம். உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?

உண்டு. அம்மாவுக்காக நான் எழுதிய ஒரு மனுதான் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில், கேரள எல்லைக்குப் பக்கம். விடியும் முன்னே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறும். அம்மாவும் அப்படித்தான் பதினெட்டு வருடம் இடுக்கிப் பக்கம் ஒரே ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தார். காய் எடுப்பு, கவாத்து, களை எல்லா வேலையும் பார்த்தார். வேலையை விட்டபோது பணிக்கொடை (கிராஜுவிட்டி) வரவில்லை. ஆங்கிலத்தில் மனு எழுதும் பொறுப்பு எனக்கு. வீட்டில் எப்போதும் "தோட்டத்து வேலை" என்றுதான் பேச்சு. அதனால் மனு முழுக்க ‘ஃபார்ம் வொர்க்கர்’ என்று எழுதிவைத்தேன்.

யூனியன் அண்ணன் ஒருவர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அம்மா வேலை பாத்தது பிளாண்டேஷன். ஃபார்ம்னு எழுதுனா சாதாரண விவசாயக் கூலின்னு தள்ளி வச்சிருவாங்க."

அவர் சொன்னது சரி. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் தொழிற்சாலை, சுரங்கம், துறைமுகம் இவற்றோடு பிளாண்டேஷனையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. ஃபார்ம் அந்த வரிசையில் இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இன்னும் கறாராக இருந்தது. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலம் இவற்றில் ஏதாவது ஒன்று பயிராக இருக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த திருத்தத்தின்படி 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் குடியிருப்பு, மருத்துவம் எல்லாம் கேட்க முடிந்தது. கேரளத்தின் 1963ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்திலும் இதே சொல்தான் கணக்கு: பிளாண்டேஷன் என்றால் நில உச்சவரம்பில் (ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற அளவில்) இருந்து விலக்கு, நெல் வயலுக்கு அது கிடையாது. முதலாளிக்கு நிலத்தைக் காத்துக்கொடுத்த அதே சொல், எங்கள் அம்மாவுக்குப் பணத்தை வாங்கிக்கொடுத்தது. மனுவைத் திருத்தி எழுதினோம், எட்டு மாதம் கழித்துப் பணம் வந்தது.

அதன்பிறகுதான் இந்தச் சொற்களைத் தோண்டிப் பார்த்தேன்.

ஃபார்ம் என்ற சொல்லுக்கும் மண்ணுக்கும் முதலில் சம்பந்தமே இல்லை. லத்தீனில் ‘ஃபிர்மா’ என்றால் இவ்வளவு என்று உறுதி செய்த தொகை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து குத்தகைப் பணத்தைக் குறித்தது. அப்புறம் குத்தகைக்கு விட்ட நிலத்துக்கு ஆகி, கடைசியில்தான் பயிர் செய்யும் எந்த நிலத்துக்கும் ஆனது. பழைய பிரிட்டிஷ் ஆவணங்களில் சாராயக் குத்தகைக்காரரையும் ‘ஃபார்மர்’ என்று எழுதியிருப்பார்கள். அவர் ஏர் பிடித்தவர் அல்ல, அரசுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு வசூல் உரிமையை எடுத்தவர். இன்றும் ஒரு வேலையை வெளியாளிடம் விடுவதை ‘ஃபார்ம் அவுட்’ என்பதும் அந்த வழியில் வந்ததே. மலைமேல் ஏலத்தைக் குத்தகைக்குப் பிடிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பழைய பொருள் உடனே பிடிபடும்.

பிளாண்டேஷன் என்பதும் வெறும் செடி நடுவது மட்டுமல்ல. 1609இல் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆட்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தியதற்குப் பெயரே பிளாண்டேஷன்தான். நட்டது மனிதர்களை. சந்தைக்காக ஒரே பயிர், வெளியூரில் இருந்து கொண்டுவந்த கூலியாட்கள் என்ற பொருள் அதில் ஊறிக்கிடக்கிறது. வண்டிப்பெரியாறு, மூணாறு பக்கம் தேயிலை லயன்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தலைமுறையாக இருக்கும் தமிழர்களை நினைத்தால் இந்தச் சொல்லின் கனம் புரியும்.

எஸ்டேட் என்றால் ஒருவரின் சொத்து. இறந்தவர் விட்டுப்போனதும் எஸ்டேட்தான், பங்களாவோடு சேர்ந்த பெரிய நிலமும் எஸ்டேட்தான். அதனால் ஒரே தேயிலை மலையைப் பயிரை வைத்துப் பிளாண்டேஷன் என்றும், உடைமையை வைத்து எஸ்டேட் என்றும் சொல்லலாம். இதே தேயிலை அசாமிலும் டார்ஜிலிங்கிலும் ‘டீ கார்டன்’ ஆகிவிடும்.

மற்றவை எளிது. பழ மரங்களை வரிசையாக வைத்து வளர்த்தால் ஆர்ச்சர்ட். தென்னை, ஆரஞ்சு, ஆலிவ் என்றால் பெரும்பாலும் குரோவ். நம் தென்னந்தோப்பு ‘கோகனட் குரோவ்’. எங்கள் பக்கத்துத் திராட்சைப் பந்தல் வின்யார்டு. ராஞ்ச் என்பது ஆடு மாடு மேயும் பரந்த நிலம், ஸ்பானிஷ் சொல்லில் இருந்து வந்தது. அமெரிக்கக் கதையில் ராஞ்ச் வந்தால் ‘பண்ணை’ என்று மட்டும் எழுதாமல் ‘மாட்டுப் பண்ணை’ என்று எழுதுங்கள்.

ஒன்றைக் கவனித்தேன். ஃபார்ம், எஸ்டேட் போன்ற சொற்கள் நிலம் யார் கையில், என்ன ஏற்பாட்டில் இருக்கிறது என்பதில் பிறந்தவை. நம் சொற்கள் தண்ணீரைப் பார்க்கின்றன. பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தால் வயல், நன்செய். கிணற்றை நம்பினால் தோட்டம். மழையை மட்டும் நம்பினால் மானாவாரி, புன்செய். இவை மூன்றையும் ‘ஃபார்ம்’ என்று மொழிபெயர்த்தால் நம் பக்கமும் பாதி தொலைந்துபோகிறது.

ஆளைக் குறிக்கும் சொல்லிலும் கவனம் வேண்டும். போடியில் ஒருவரைத் ‘தோட்டக்காரர்’ என்றால் மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், ஆங்கிலத்தில் அவர் பிளாண்டர். மதுரையில் ஒரு பங்களா வாசலில் அதே ‘தோட்டக்காரர்’ கார்டனர். ஊரைக் கேட்டுவிட்டு மொழிபெயருங்கள்.