பில் போட்ட பிறகு ஒரு பொட்டலம்

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். டீத்தூள், தைலம், வர்க்கி, சாக்லேட் விற்கிறேன். சீசனில் கூட்டம் வருகிறது, வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பாக்கெட்டில் போன் நம்பர் இருந்தும் ஊருக்குப் போனபின் யாரும் கூப்பிடுவதில்லை. தள்ளுபடி போர்டு வைத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுகிறார்கள். அதனால் உங்கள் கடையில் நிற்பவர் இதே பொருள்களை ஊட்டியில் கடை கடையாகப் பார்த்துவிட்டு வந்தவர். டிக்கியில் ஏற்கெனவே வர்க்கி இருக்கும். நினைத்தபடியே எல்லாம் இருந்தால் மனசு அதைத் தனியாகப் பதிந்து வைப்பதில்லை. தள்ளுபடி போர்டும் அவர் எதிர்பார்த்ததுதான்.

ஒரே மாதிரியான வரிசையில் வேறு மாதிரி இருக்கும் ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்று ஹெட்விக் ஃபான் ரெஸ்டோர்ஃப் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1933-இலேயே காட்டினார். சரி, அதற்காக வாசலில் கரடி வேஷம் போட்ட ஆளை நிறுத்தினால் கரடிதான் நினைவிருக்கும், உங்கள் டீத்தூள் இருக்காது. ஆச்சரியம் விற்கிற சரக்கிலிருந்தே வரவேண்டும். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சமவெளியிலிருந்து வருகிறவர்களில் பலர் டீயைத் தூளாக மட்டுமே பார்த்தவர்கள். முழு இலையாக வரும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு, வெந்நீர் ஊற்றி, அவர் கண்ணெதிரே வையுங்கள். பாலும் சர்க்கரையும் வேண்டாம். கறுத்துச் சுருண்டு கிடந்தது மெல்ல மெல்ல விரியும். மூன்று நான்கு நிமிடத்தில் காம்பும் நரம்பும் தெரிகிற இலையாகக் கிடக்கும். சரக்கு நல்லதாக இருந்தால் கொழுந்தோடு சேர்ந்த இலையும் அகப்படும். குழந்தைகள் குனிந்து பார்ப்பார்கள், பெரியவர்கள் போனை எடுப்பார்கள். அதுவரை பேசாமல் இருங்கள். விரிந்து முடிந்தபிறகு, அது எந்தப் பக்கத்துத் தோட்டத்து இலை என்று சொன்னால் போதும்.

அப்புறம், கொடுக்கும் நேரம். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உணவகத்தில் பில்லோடு ஒன்றும் தராதபோது டிப்ஸ் சுமார் 19 சதவீதம் வந்தது. சர்வர் ஒரு மிட்டாய் கொடுத்து, நகரப்போய், திரும்பி இன்னொன்றும் கொடுத்தபோது அது சுமார் 23 ஆனது. இரண்டையும் ஒரேயடியாகக் கொடுத்தபோது அவ்வளவு ஏறவில்லை. நீங்களும் பணம் வாங்கி, பையைக் கொடுத்து, அவர் கிளம்பும்போது "ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டு, அவர் பார்த்த அதே இலையில் ஒரு சின்னப் பொட்டலம் கொடுங்கள். அதன்மேல் பேனாவால், எத்தனை நிமிடம் ஊறவேண்டும் என்பதையும் உங்கள் நம்பரையும் எழுதுங்கள். வீட்டில் அந்தக் குழந்தையே டம்ளரை எடுத்து வந்து இன்னொரு முறை போடச் சொல்லும். உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது டம்ளர்தான். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் காகிதத்தில்தான் மடிக்கவேண்டும். ஈரக்காற்றில் மணம் போய்விடும் என்பதால் அன்றன்றைக்கு மடியுங்கள்.

இதை போர்டில் எழுதாதீர்கள். மூளை ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குரங்கு ஆய்வுகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் வேகமாகத் துடித்தன. வரும் என்று தெரிந்துவிட்ட சாறுக்கு அந்தத் துடிப்பு இல்லை. எதிர்பார்த்தது வராதபோது வழக்கமான துடிப்பும் குறைந்தது. இலவசம் வழக்கமாகிவிட்டால், தராத நாள் மனக்குறையாகிவிடும். திரும்பி வருகிறவருக்கு வேறு ஏதாவது வையுங்கள். டிசம்பர், ஜனவரி பனிக்காலத்தில் பறித்த தேயிலை கிடைத்தால் அதற்கு ரொம்பப் பொருத்தம்.

பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்லி விற்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மே மாத நெரிசலில் டம்ளரோடு நிற்க முடியாது. கூட்டம் குறைவான வாரநாளில் தொடங்கிப் பழகிக்கொள்ளுங்கள். போன் வந்தால் எது நினைவிருக்கிறது என்று கேட்டு நோட்டில் குறித்து வையுங்கள். இலை விரிந்ததைச் சொன்னால் தொடருங்கள். விலையை மட்டும் விசாரித்தால் தேயிலையை மாற்றிப் பாருங்கள்.