மச்சானுக்கு விஸ்கி சவர், மாமியாருக்கு சுண்டல்

கேள்வி: அக்கா, தீபாவளிக்கு என் மச்சான் கேஎல்லேருந்து குடும்பத்தோட வர்றார். புக்கிட் பிந்தாங்ல ஏதோ ஒரு பார்ல விஸ்கி சவர் (விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை கலந்த காக்டெயில்) குடிச்சதுலேருந்து வாயத் திறந்தா அந்தப் பேச்சுதான். நம்ம ஊர் ஸ்டைல்ல வீட்லயே ஒண்ணு போட்டுக் காட்டலாம்னு லீமாவ் கஸ்தூரியை (குட்டி எலுமிச்சை) ரெண்டா வெட்டி பிளெண்டர்ல அடிச்சு வடிகட்டி, குலா மலாக்கா வெல்லத்தை சீவிப் போட்டு, நல்ல சிங்கிள் மால்ட் விஸ்கி ஊத்திக் கலக்குனேன். ஒரே கசப்பு, சர்க்கரை அடியிலயே கிடக்குது. மேல நுரை வர முட்டை வெள்ளைக்கரு போடணுமாம், ஆனா மாமியார் சுத்த சைவம், முட்டை வீட்டுக்குள்ளயே வரக்கூடாது. குலுக்குறதுக்கு ஷேக்கரும் இல்ல. என்ன செய்யலாம்?
(பினாங்கு ஆயர் ஈத்தாம் வாசகர்)

பதில்: தம்பி, விஸ்கி வரலாம் முட்டை வரக்கூடாதுங்கிறது உங்க வீட்டுச் சட்டம், அதுல நான் தலையிடல. ஆனா அந்த சிங்கிள் மால்ட்ட நினைச்சா வயிறு எரியுதுப்பா. எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ற எடத்துல அந்த நுணுக்கமான வாசமெல்லாம் காணாமப் போயிடும், அத மச்சானுக்குத் தனியா சின்ன கிளாஸ்ல ஊத்திக் குடுங்க, கலக்குறதுக்கு சாதாரண பெர்பன் (அமெரிக்க விஸ்கி) போதும். பெர்பன்ல பாதிக்கு மேல சோளம், சட்டப்படி 51 சதவீதமாவது இருக்கணும், அதோட உள்பக்கம் கருக்குன புது ஓக் பீப்பாய்லதான் ஊற வைப்பாங்க, அதுலேருந்து வர்ற வெனிலா வாசம் குலா மலாக்காவோட நல்லா ஒட்டும். பிளாக் லேபல் ஸ்காட்ச்தான் வீட்ல இருக்குன்னா அதுவும் ஓகே, கொஞ்சம் புகை வாசம் வரும் அவ்வளவுதான்.

இப்ப கசப்புக்கு வருவோம். அது பிளெண்டர் பண்ண வேலை. லீமாவ் கஸ்தூரியோட தோலும் கொட்டையும் அரைபட்டா அப்பவே கசப்பு எறங்கிடும், அப்புறம் எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் அது போகாது. பழத்தை நடுவுல குறுக்கா வெட்டி, டீ வடிகட்டி மேல வச்சு ரெண்டு விரலால மெதுவா அழுத்துங்க, கொட்டை வடிகட்டியிலயே நிக்கும், அதை ஸ்பூனால போட்டு நசுக்காதீங்க. ஒரு பழத்துக்கு ஒரு டீஸ்பூன் சாறு வந்தாலே பெரிய விஷயம், அதனால ஒரு கிளாஸுக்கு அஞ்சாறு பழம் போகும், ஆறு பேருன்னா முப்பது நாப்பது பழம், பசார்ல காலைலயே ஒரு பெரிய பை வாங்கி வச்சுக்குங்க, ஆனா புழியுறது அன்னைக்கு சாயங்காலம்தான். முதல்நாளே புழிஞ்சு வச்சா வாசம் செத்துடும்.

குலா மலாக்கா ஏன் அடியில உட்கார்ந்துச்சுன்னா, சில்லுனு இருக்கிற சாராயத்துல சர்க்கரை லேசுல கரையாது. அத முதல்ல பாகா காய்ச்சணும். 100 கிராம் குலா மலாக்காவை சீவி 100 மில்லி தண்ணில போட்டு சின்ன தீயில கரைய விடுங்க, கம்பிப்பதம் எல்லாம் வேணாம், கரைஞ்சா போதும், துணியில வடிகட்டுங்க, நாரும் மண்ணும் எவ்வளவு நிக்குதுன்னு பாத்தா ஷாக் ஆயிடுவீங்க. சூடா இருக்கும்போதே ஒரே ஒரு ஆசாம் போய் (உப்புல ஊறிக் காஞ்ச பிளம்) போட்டு மூடி வச்சு, ஆறினதும் எடுத்துடுங்க. அந்த லேசான உப்பு, மிச்சம் மீதி கசப்பு இருந்தா அதையும் அமுக்கிடும். லீமாவும் ஆசாம் போயும் ஏற்கனவே நம்ம மாமாக் கடை ஜோடிதானே. ஒண்ணு போட்டா நல்லா இருக்குன்னு நாலு போடாதீங்க, பாண்டான் இலை, இஞ்சி, பட்டைன்னு வேற எதையும் சேர்க்காதீங்க, கடைசில அது ரோஜாக் ஆயிடும், விஸ்கி எங்கன்னு தேடணும்.

முட்டைக்கு பதில் உங்க மாமியார் அடுப்பிலயே இருக்கு. கொண்டைக்கடலை வேகவச்ச தண்ணி! அதுல எறங்கி இருக்கிற புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து வெள்ளைக்கரு மாதிரியே நுரைக்கும், வெளிநாட்டு பார்லயும் சைவக்காரங்களுக்கு இதத்தான் போடுறாங்க. ஒரே கண்டிஷன், சுண்டலுக்கு வேகவைக்கும்போது உப்பு, மஞ்சள், சோடா மாவு எதுவும் போடக்கூடாது, தாளிக்கும்போது உப்பு போட்டுக்கலாம்னு மாமியார்கிட்ட முன்னாலயே சொல்லி வைங்க (எதுக்குன்னு கேட்டா நீங்கதான் சமாளிக்கணும்). கடலையை அந்தத் தண்ணிலயே ஆற விட்டு அப்புறம் வடிச்சா இன்னும் கெட்டியா வரும். விரல்ல தொட்டா லேசா வழுவழுன்னு இருக்கணும், தண்ணியா ஓடுச்சுன்னா அடுப்புல வச்சு கொஞ்சம் சுண்ட விடுங்க.

அளவுக்கு டேபிள்ஸ்பூனே போதும். ஒரு கிளாஸுக்கு விஸ்கி மூணு, அதாவது 45 மில்லி, சாறு ஒன்றரை, பாகு ஒன்றரை, கடலைத் தண்ணி ரெண்டு. சவர்ங்கிற வகையே பழசு, 1862ல அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸ் நியூயார்க்ல போட்ட காக்டெயில் புத்தகத்துலயே இருக்கு, சாராயம், புளிப்பு, இனிப்பு மூணும்தான் அதோட எலும்பு. நீங்க புளிப்பையும் இனிப்பையும் ஏற்கனவே மாத்திட்டீங்க, அதனால அளவுலயாவது கைய வைக்காதீங்க. முதல் கிளாஸ மட்டும் நீங்க ருசி பாத்துட்டு, பழம் ரொம்ப புளிப்பா இருந்தா பாகு அரை ஸ்பூன் கூட்டுங்க.

ஷேக்கருக்கு இறுக்கமா மூடுற பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி ஒண்ணு எடுங்க. முதல்ல ஐஸ் இல்லாம எல்லாத்தையும் போட்டு நல்லா குலுக்கணும், நுரை இங்கதான் பொறக்குது. இந்த ரவுண்டுல மூடிய உள்ளங்கையால அழுத்திப் பிடிச்சு மேல ஒரு துண்ட சுத்திக்குங்க, ஏன்னா ஐஸ் போட்டா உள்ள காத்து குளிர்ந்து மூடிய உள்ளுக்கு இழுத்துக்கும், ஐஸ் இல்லாதப்ப அந்தப் பிடிப்பு இருக்காது, நுரையோட சேர்ந்து மூடி பறந்துச்சுன்னா புது வேட்டி போச்சு. அப்புறம் ஐஸ் போட்டு பாட்டில் வெளிப்பக்கம் வேர்க்கிற வரைக்கும் ஒரு பத்து பதினஞ்சு செகண்ட். கடையில பாக்கெட்ல விக்கிற ஓட்டை ஐஸ் சீக்கிரம் கரைஞ்சு தண்ணியாக்கிடும், ஃப்ரிட்ஜ்ல கட்டியா உறைய வச்சதே பெட்டர். சின்ன கிளாஸ்ல வடிச்சு ஒரு நிமிஷம் விடுங்க, நுரை தானா மேல ஏறி வெள்ளையா ஒரு விரல் உயரம் நிக்கும், அது மேல பாலிக் பூலாவ் ஜாதிக்காயை ரெண்டு தடவை துருவி விடுங்க. வாசத்துக்கு சொட்டு விடுற பிட்டர்ஸ் பாட்டில் தேடி அலையாதீங்க, இந்த ஒரு எடத்துல பினாங்குக்காரன் ஜெயிச்சுட்டான்.

இன்னொண்ணு, இது ஜூஸ் மாதிரி எறங்கும், ஆனா ஒரு கிளாஸ்ல சுமார் 14 கிராம் ஆல்கஹால் இருக்கு, ஒரு கேன் பீருக்கு குறைவில்ல. 2020லேருந்து போலீஸ் ரோடுல ஊதச் சொன்னா 100 மில்லி மூச்சுக்கு 22 மைக்ரோகிராம்தான் லிமிட், முன்னால 35 இருந்துச்சு. பாலம் தாண்டி பட்டர்வொர்த் போறவங்களுக்கு கிராப் டாக்சி போட்டுக் குடுங்க, இல்ல பாய விரிச்சுடுங்க.

பிள்ளைங்களுக்கும் குடிக்காதவங்களுக்கும் அதே சாறு, அதே பாகு, சோடா, ஒரு ஆசாம் போய். அந்த ஜக்கை வேற மேசையில வைங்க, கலர்ல ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். கொறிக்க ஊறுகாய் வேணாம், புளிப்பு மேல புளிப்பு ஆயிடும். ஈப்போ புந்தோங் காச்சாங் பூத்தே (வறுகடலை, முறுக்கு வகை) கிடைச்சா அது போதும், கிடைக்கலைன்னா அதான் மாமியார் சுண்டல் இருக்கே.