ஊட்டி ரூமில் ஒரு கெட்டில், நான்கு வயிறு

கேள்வி: மே மாத லீவுக்கு ஊட்டியில் மூன்று நாள் தங்கப் போகிறோம். நான், கணவர், பத்து வயது மகன், சர்க்கரை நோய் உள்ள என் அத்தை. ரூமில் கெட்டில் மட்டும்தான் இருக்குமாம். போன வருடம் மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிட்டு, ரூம் வாடகையை விடச் சாப்பாட்டுச் செலவு கூடிவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பைக் கையோடு கொண்டுபோகலாமா? கெட்டிலிலேயே நூடுல்ஸ் செய்யலாம் என்கிறான் மகன்.
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: இண்டக்‌ஷன் அடுப்பு வீட்டிலேயே இருக்கட்டும். அந்தப் புத்திசாலித்தனத்தை நானும் ஒரு மலையூரில் செய்து பார்த்தவள்தான். பாத்ரூமில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க, இங்கே நான் 2000 வாட் அடுப்பைப் போட, எங்கள் ரூமோடு சேர்ந்து பக்கத்து ரூமும் இருட்டாகிவிட்டது. லாட்ஜ்காரர் டார்ச்சோடு வந்து நின்றபோது என் கரண்டியில் பாதி வதங்கிய வெங்காயம். பெரும்பாலான லாட்ஜ்களில் ரூமுக்குள் சமைக்க அனுமதியும் கிடையாது.

இன்னொன்று, ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பது போலத்தான் தெரியும், ஆனால் குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் லேசில் வேகாது. அதனால் சமையலை விருதுநகரிலேயே முடித்துவிடுங்கள். கொதிநீர் ஊற்றுகிற கடைசி வேலையை மட்டும் ஊட்டிக்கு விட்டுவையுங்கள்.

எப்படி என்றால், உப்புமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் கிலோ மெல்லிய ரவையைக் கருகாமல் நன்றாக வறுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, கறிவேப்பிலையைக் கையில் நொறுங்கும் வரை பொரித்து, உப்போடு ரவையில் கலந்து, ஆறவிட்டு டப்பாவில் அடையுங்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் வேண்டாம், ஈரம் சேர்ந்தால் கெட்டுவிடும். இது நாலு பேருக்கு இரண்டு வேளைக்கு வரும். ரூமில் செய்யும்போது முதலில் ஒரு ஹாட் பாக்ஸில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, அலசிக் கொட்டுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். ஊட்டிக் குளிரில் சில்லிட்டுக் கிடக்கும் பாத்திரம் பாதிச் சூட்டை அதுவே குடித்துவிடும். அப்புறம் ஒரு டம்ளர் கலவைக்கு இரண்டு டம்ளர் கொதிநீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறி, மூடி, பத்து நிமிடம் திறக்காமல் வையுங்கள். வாணலியில் கிண்டியது போல வராதுதான். ஆனால் ஹோட்டலில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து சாப்பிடுவதை விட எவ்வளவோ தேவலை.

இரவுக்கு, கடைகளில் கிடைக்கும் ரைஸ் சேவை இரண்டு பாக்கெட் எடுத்துப் போங்கள். வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்து வடித்து, வீட்டுப் புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்தால் புளி சேவை. இன்னொரு இரவு ஒரு மெஸ்ஸில் வெள்ளைச் சாதம் மட்டும் பார்சல் வாங்கி, உங்கள் பருப்புப் பொடி, நல்லெண்ணெய், ஒரு பாக்கெட் தயிரோடு முடித்துக்கொள்ளலாம். மிஞ்சிய சாதத்தைக் குளிர்தானே என்று காலைக்கு வைக்காதீர்கள். முதல் நாளுக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லி போதும், பஸ்ஸிலேயே காலியாகிவிடும்.

மதியம் மட்டும் வெளியில் சாப்பிடுங்கள். மூன்று வேளையும் நீங்களே கலந்து பரிமாறினால் அது உங்களுக்கு லீவே இல்லை. போட் ஹவுஸ் வாசலை விட்டு மார்க்கெட் பக்கம் வந்து, உள்ளூர்க்காரர்களும் டிரைவர்களும் சாப்பிடுகிற மெஸ்ஸாகப் பாருங்கள். அப்படியே மார்க்கெட்டில் கேரட் வாங்கிக் கழுவிக் கடித்துத் தின்னலாம். ஊட்டி பேக்கரிகளில் கிடைக்கும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

அத்தை விஷயத்தில் என்ன சாப்பிடுகிறார் என்பதோடு எப்போது சாப்பிடுகிறார் என்பதையும் பாருங்கள். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு படகு க்யூவில் ஒன்றரை மணி வரை நின்றால் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். ஒரு சின்ன டப்பாவில் வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும், அவசரத்துக்கு நாலு மிட்டாயும் அவர் பையிலேயே இருக்கட்டும். ரூமில் அவருக்குச் சிவப்பு அவலைக் கழுவி ஊறவைத்து, தயிரும் துருவிய கேரட்டும் சேர்த்துக் கொடுங்கள். அவலும் அரிசிதான், அதனால் அளவோடு.

கெட்டிலில் தண்ணீரைத் தவிர எதுவும் போடாதீர்கள். பால் ஊற்றினால் பொங்கி வழியும், அடியில் பிடித்துக்கொள்ளும். அந்த வாடை அடுத்து வருகிறவர் டீயிலும் இருக்கும். நமக்கு முன்னால் தங்கியவர் என்ன காய்ச்சினாரோ, அதனால் ஒருமுறை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு ஆரம்பியுங்கள். மூடியைத் திறந்து வைத்தால் ஆவி மேலே போய்விடும், சுவிட்ச் தானாக அணையாது. காபி இல்லாமல் முடியாது என்றால் சின்ன ஃபில்டரைக் கொண்டுபோய் ரூமில் டிகாக்‌ஷன் போடுங்கள். பாலை டீக்கடையில் பிளாஸ்கில் வாங்கிக்கொள்ளலாம். நானே அப்படித்தான்.

பொடி, ரவை எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் எடுத்துப் போங்கள், தண்ணீருக்கும் எவர்சில்வர் பாட்டில்தான். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, தண்ணீர் பாட்டிலும் அதில் சேர்த்தி. வழியில் சோதனையும் உண்டு. பழம் வாங்கி வைத்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே போங்கள், குரங்குக்கு லீவு கிடையாது.

நூடுல்ஸும் அதே ஹாட் பாக்ஸில்தான். உடைத்துப் போட்டு, மசாலா தூவி, கொதிநீர் ஊற்றி மூடினால் ஏழெட்டு நிமிடத்தில் ஆகிவிடும். மூடியைப் பாதியில் திறந்து பார்க்காமல் காவல் இருக்கிற வேலையை மகனிடம் கொடுங்கள். கொதிநீரை மட்டும் அவன் அப்பா ஊற்றட்டும்.