டிரெய்லர் லாரிக்கு வயர்லெஸ் ரிவர்ஸ் கேமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிரெய்லர்களுக்கு வயர்லெஸ் ரிவர்ஸ் கேமரா பொருத்துவது பற்றியவை. ஒரே கேள்வியை மூன்று நான்கு பேர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, டிரெய்லர் எத்தனை அடி, ஏற்றுவது கண்டெய்னரா திறந்த சரக்கா என்று எதையும் குறிப்பிடாமல் "படம் வரவில்லை, என்ன செய்வது?" என்று ஒரே வரியில் எழுதியவர்களுக்கு என்னால் பதில் சொல்ல இயலாது. விவரத்துடன் மீண்டும் எழுதுங்கள்.

வயர்லெஸ் என்று சொல்லி விற்ற கேமராவிலிருந்து இரண்டு வயர்கள் வெளியே வருகின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (லாரி உரிமையாளர், சங்ககிரி)

ஏமாற்றவில்லை. படம் மட்டும்தான் காற்று வழியாக வரும். கேமராவுக்கு வேண்டிய மின்சாரம் வயர் வழியாகத்தான் வரவேண்டும்.

அந்த மின்சாரத்தை எந்த லைனிலிருந்து எடுப்பது? (எலெக்ட்ரீசியன், நாமக்கல்)

ரிவர்ஸ் விளக்கின் லைனிலிருந்து எடுப்பதே வழக்கம் என்றாலும் டிரெய்லருக்கு அதை நான் முதல் தேர்வாகச் சொல்வதில்லை. கியர் போட்டபின் கேமராவும் மானிட்டரும் ஒன்றையொன்று கண்டுபிடித்துப் படம் வர இரண்டு மூன்று வினாடிகள் ஆகும். அதற்குள் ஓட்டுநர் வண்டியை நகர்த்தியிருப்பார். மேலும், 24 வோல்ட் வண்டிகளில் உள்ள லாரியையும் டிரெய்லரையும் இணைக்கும் சாதாரண ஏழு பின் (முனை) இணைப்பில் ரிவர்ஸ் விளக்குக்கென்று தனி முனை கிடையாது. அதில் 1 எர்த், 2, 6 இரண்டும் பின்விளக்குகள், 3, 5 இரண்டும் இண்டிகேட்டர்கள், 4 பிரேக் விளக்கு என்றிருக்கும். ஏழாவது முனை சும்மா இருந்தால் அதற்குச் சாவி போட்டவுடன் மின்சாரம் வரும்படி தனி லைன் இழுத்துக் கேமராவுக்குக் கொடுங்கள். சும்மா இல்லையென்றால் பின்விளக்கு லைனில் கொடுக்கலாம். அப்போது பகலில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் விளக்கைப் போட்டாக வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பழைய டிரெய்லர்களில் ஆளுக்கொரு விதமாக வயரிங் செய்து வைத்திருப்பார்கள் என்பதால் வயரின் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தபின் கை வையுங்கள்.

எர்த்தை டிரெய்லரின் சேஸிஸில் ஒரு போல்ட்டில் மாட்டிவிட்டு, அது கிங் பின் (டிரெய்லரை லாரியில் மாட்டும் இரும்பு முளை) வழியாக இழுவை லாரிக்குப் போய்ச் சேரும் என்று எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த முளை மாட்டும் லாரியின் ஃபிஃப்த் வீல் தகட்டில் பூசியிருக்கும் கிரீஸ் வழியாக நல்ல எர்த் கிடைக்காது. இணைப்பின் முதல் முனைக்குத் தனி வயர் இழுங்கள். மின்சாரம் பிரியும் இடத்திலேயே 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். இந்த இரண்டையும் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்; இனியும் எழுதுவேன்.

காலி டிரெய்லரில் படம் தெளிவாக வருகிறது. 40 அடி கண்டெய்னர் ஏற்றியதும் விட்டுவிட்டு வருகிறது. கேமராவை மாற்றவேண்டுமா? (ஓட்டுநர், தூத்துக்குடி)

மாற்ற வேண்டாம். இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. அந்த அலை இரும்புச் சுவரை ஊடுருவிச் செல்லாது. ஓரமாகச் சுற்றியும் பக்கத்துப் பொருள்களில் பட்டுத் திரும்பியும்தான் வரவேண்டும். நீங்கள் ஏற்றுவது 12 மீட்டர் நீளமுள்ள இரும்புப் பெட்டி. அட்டைப்பெட்டியின்மேல் 100 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது இடையில் எந்தத் தடையும் இல்லாத திறந்தவெளிக் கணக்கு.

கேமரா பின்னாலேயே இருக்கட்டும். அலையை அனுப்பும் ஆன்டெனாவை மட்டும், அதற்கென்று கிடைக்கும் நீட்டிப்புக் கேபிளைக் கொண்டு, சேஸிஸின் பக்கவாட்டில் கண்டெய்னரின் அடித்தளத்துக்குக் கீழே கொண்டுவந்து பொருத்துங்கள். நீட்டிப்புக் கேபிள் நீளமானால் அலையின் வலுவும் குறையும் என்பதால் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் போகாதீர்கள். அலையைப் பெறும் ஆன்டெனாவும் மானிட்டரும் தனித்தனியாக இருந்தால், ஆன்டெனாவைக் கேபினுக்கு வெளியே பின்சுவரில், அதே பக்கமாகத் தாழ்த்தி வையுங்கள். டேஷ்போர்டில் மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் கேபினின் தகடும் சேர்ந்து மறைக்கும்.

பொருத்திய அன்றே கேமரா கருகிவிட்டது. எந்த பிராண்ட் நல்லது என்று சொல்லவும். (உரிமையாளர், சேலம்)

பிராண்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேமராவின் உறையில் எழுதியிருப்பதைப் படித்திருக்க வேண்டும். காருக்கென்று செய்த 12 வோல்ட் கேமராவை 24 வோல்ட் லாரியில் மாட்டியிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தெரிகிறது. இன்ஜின் ஓடி பேட்டரி சார்ஜ் ஆகும்போது அந்த லைனில் 28 வோல்ட் வரை வரும். 10 முதல் 32 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். ஃபியூஸ் போட்டீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

கேமரா வந்துவிட்டபடியால் கிளீனரை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். மாதச் சம்பளம் மிச்சமாகும். உங்கள் கருத்து என்ன? (நான்கு டிரெய்லர்களின் உரிமையாளர், திருவள்ளூர் மாவட்டம்)

கூடாது என்பது என் கருத்து. இதே கேள்வி வேறு வேறு வடிவங்களில் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருப்பதால் இம்முறை சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், கேமராவுக்கு எது தெரியாது என்று பாருங்கள். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்கிறார். டிரெய்லரின் வாலை இடப்பக்கம் திருப்பிப் பின்னால் தள்ளும்போது இழுவை லாரியும் டிரெய்லரும் மடிந்து, அவருடைய இடப்பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் கடைசி மூலை சரியாகத் தெரிவதில்லை. அந்தப் பக்கத்தில் நிற்பவரையோ தூணையோ பின்னால் நடுவில் கீழ்நோக்கிப் பார்க்கும் கேமராவும் காட்டாது. மேலே தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியையும் மரக்கிளையையும் காட்டாது. கிளீனர் இறங்கி அந்த மூலையில் நின்றால் இவை எல்லாம் அவர் கண்ணில் படும்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. பல டிஜிட்டல் வயர்லெஸ் மானிட்டர்களில் அலை அறுபட்டால் கடைசியாக வந்த படம் அப்படியே உறைந்து நிற்கும். திரை கறுத்துப்போனால் ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பார். உறைந்த படத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றுவதால் அவர் தொடர்ந்து பின்னால் வருவார். ஒரு கிடங்கில் நான் பொருத்திய கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது இதைக் கண்ணால் கண்டேன். திரையில் காலியான மேடை தெரிந்துகொண்டிருக்க, உண்மையில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதற்காகக் குனிந்திருந்தார். பின்னால் நின்ற கிளீனர் பாடியில் ஓங்கி இரண்டு முறை தட்டியதால்தான் வண்டி நின்றது. இடைவெளி ஒரு முழம்கூட இல்லை. அந்தப் பையன் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மானிட்டரில் படம் ஓடும்போது கேமராவின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஓரிரு வினாடிகளுக்குள் திரை கறுக்கவோ "சிக்னல் இல்லை" என்று காட்டவோ வேண்டும். பழைய படம் அப்படியே நின்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேமரா கிளீனருக்குக் கூடுதலான ஒரு கண். ஒற்றை ஓட்டுநராகப் போக நேர்ந்தால், ரிவர்ஸ் எடுப்பதற்கு முன் இறங்கிப் பின்னால் நடந்து பார்த்துவிட்டு ஏறவேண்டும்.

படத்தில் இடது வலதாகத் தெரிகிறது. (ஓட்டுநர், கரூர்)

மானிட்டரின் அமைப்பில் கண்ணாடிப் பிம்பத்துக்கு மாற்றுங்கள். சில மாடல்களில் கேமராவிலேயே இதற்கென்று ஒரு சிறு வயர் வளையம் இருக்கும். அதை வெட்டவேண்டுமா என்பதைக் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு வெட்டுங்கள்.

இழுவை லாரி இரண்டு, டிரெய்லர் ஆறு. ஆறுக்கும் கேமரா போட்டால் குழப்பம் வருமா? (மேலாளர், சென்னை)

பழைய அனலாக் வகையை வாங்கினால் நிச்சயம் வரும். துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது பக்கத்து வண்டியின் பின்புறம்கூட உங்கள் திரையில் தெரியக்கூடும். ஒவ்வொரு கேமராவையும் மானிட்டருடன் இணை சேர்க்கும் டிஜிட்டல் வகையை வாங்குங்கள். டிரெய்லர் மாற்றும்போதெல்லாம் இணைப்பை மாற்ற ஓட்டுநருக்குக் கற்றுக்கொடுங்கள். டிரெய்லரின் பம்பர் விளிம்பு திரையின் அடியில் தெரியும்படி கேமராவைச் சாய்த்து, அந்த விளிம்பில் டிரெய்லரின் எண்ணைப் பெரிதாக எழுதிவையுங்கள். திரையில் இருப்பது நம் டிரெய்லர்தானா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். எண் சரியாக இருந்தாலும் படம் உறைந்திருக்கலாம் என்பதை மறக்கவேண்டாம். படத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தபின் நகருங்கள்.

சர்வீஸில் பிரஷர் வாட்டர் அடித்தபின் லென்ஸுக்குள் பனி படிந்துவிட்டது. (ஓட்டுநர், ஈரோடு)

ஐபி67 என்பது நீரில் முழுகினால் தாங்குவதற்கான தரம். அழுத்தத்துடன் பீய்ச்சும் சுடுநீருக்கு ஐபி69கே வேண்டும். எதுவாக இருந்தாலும் கேமராவுக்கு நேராக அடிக்கவேண்டாம் என்று சர்வீஸ் பையனிடம் சொல்லுங்கள்.

பிக்கப் டிரக்கில் படகு டிரெய்லர் இழுக்கிறேன். டிரக்கிலேயே கேமரா உள்ளது. டிரெய்லருக்குத் தனியாக வேண்டுமா? (வாசகர், ஒன்டாரியோ, கனடா)

வேண்டும். டிரக்கின் கேமரா டிரெய்லரைக் கொக்கியில் மாட்டும்வரைதான் உதவும். மாட்டியபின் அதில் படகின் முன்பகுதி மட்டுமே தெரியும். திரையில் வரும் வழிகாட்டிக் கோடுகள் டிரக்குக்கு மட்டும் போடப்பட்டவை. டிரெய்லர் ஸ்டியரிங்குக்கு எதிர்த்திசையில் திரும்பும் என்பது அவற்றின் கணக்கில் இல்லை. படகை இறக்கும்போது டிரெய்லரின் பின்பகுதி நீருக்குள் போகும் என்பதால் கேமராவைச் சட்டத்தில் தாழ்வாக வைக்காமல், டிரெய்லரின் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் வழிகாட்டிக் கம்பத்தின் உச்சியில் பொருத்துங்கள். அங்குள்ள ஏழு முனை இணைப்பில் நடுமுனை பெரும்பாலும் ரிவர்ஸ் விளக்குக்கு உரியது. அதையும் சோதித்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள். தொலைபேசியில் படம் காட்டும் வைஃபை கேமராக்களில் படம் தாமதமாக வருவதுண்டு. கொக்கியில் மாட்டுவதற்கு அவை போதும், சரிவில் இறக்குவதற்குப் போதாது.

கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லருக்குப் போடலாமா? (விவசாயி, விழுப்புரம் மாவட்டம்)

வேண்டாம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்புக் கட்டு கேமராவை மறைத்துவிடும். கேபின் இல்லாத டிராக்டரில் பகல் வெயிலில் திரையும் தெரியாது. அந்தப் பணத்தில் டிரெய்லருக்குப் பின்விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டையும் போடுங்கள்.