தடுப்பூசிக்குப் பின் தோளைத் தூக்க முடியவில்லை: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில் வேலை செய்கிறேன். ஆணி குத்தியதால் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டேன். அன்றிரவே தோளில் வலி. ஐந்து மாதமாகிறது, கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை. அமெரிக்காவில் இதற்கு இழப்பீடு உண்டாமே, இங்கே கிடைக்குமா?

பதில்: வழி இருக்கிறது அம்மா, ஆனால் பாதை வேறு. அமெரிக்காவில் தடுப்பூசி பாதிப்புக்கென்றே 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தனித் திட்டம் உண்டு; தோள் காயம் 2017இல் அதன் பட்டியலில் சேர்ந்தது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இங்கே கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

மருந்தின் மீது பழி போடாதீர்கள். ஊசி இறங்கிய இடம்தான் வழக்கு. தோள்முனை எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, திரண்ட தசையில் போட வேண்டும். ரவிக்கைக் கையைச் சுருட்டாமல் கழுத்துப் பக்கமிருந்து இழுத்துவிட்டுப் போட்டால் ஊசி மேலே போய்விடும். மூட்டை ஒட்டிய நீர்ப்பையில் மருந்து இறங்கி அழற்சி உண்டாகும். உங்களுக்கு எப்படிப் போட்டார்கள், நீங்கள் உட்கார்ந்திருந்தீர்களா, போட்டவர் நின்றிருந்தாரா என்பதை இன்றே எழுதி வையுங்கள்.

எதிர்த்தரப்பு முதலில் சர்க்கரை நோயைத்தான் இழுக்கும்; சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் தானாகவே இறுகுவது உண்டு. ஆலையில் கூடை தூக்கியதையும் சொல்வார்கள். எனவே ஊசி போட்ட ரசீதும், வலிக்கிறது என்று முதன்முதலில் காட்டிய நாளின் சீட்டும் உங்களுக்கு உயிர்நாடி. மருத்துவப் பதிவேடுகளை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டி, ஸ்கேன் எடுத்து, எழுத்துப்பூர்வமான கருத்து கேளுங்கள்.

பணம் கட்டியிருப்பதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. மருத்துவமனை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. பெண்களுக்கு வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாகத் தரும். சிகிச்சைச் செலவு, இழந்த கூலி, வலி மூன்றையும் கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு இந்த ஆணையம் பொருந்தாது. அவர்கள் உரிமையியல் நீதிமன்றம் செல்ல வேண்டும்.

சிறு தொகை கொடுத்து, ‘இனி கோரிக்கை எதுவும் இல்லை’ என்று கையெழுத்துக் கேட்டால், வழக்கறிஞரிடம் காட்டாமல் போடாதீர்கள். உடற்பயிற்சிச் சிகிச்சையையும் நடுவில் விட்டுவிடாதீர்கள். விட்டால் தோள் மேலும் இறுகும், அதையே உங்கள் குறையாகவும் காட்டுவார்கள்.