பெங்களூரா, திருப்பரங்குன்றமா: திருமங்கலத்து அப்பாவுக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் பாப்பாவுக்குப் பொறியியல் கட்-ஆஃப் 200க்கு 181 வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் இருக்கிறது, இந்த வாரத்துக்குள் 50,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும் என்று ஒரு கன்சல்டன்சிக்காரர் நெருக்குகிறார். கூடவே, அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்திருக்கும் சின்னவனைப் பிளஸ் ஒன்னுக்கு விஜயவாடா அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை: இந்த வாரம் யாருக்கும் எதுவும் கட்டாதீர்கள். தமிழ்நாட்டுக் கவுன்சலிங் இன்னும் தொடங்கவே இல்லை.

வெளிமாநிலம் என்றாலே செலவு கூடும் என்று பெற்றோர் நினைப்பது பாதிதான் சரி. செலவைத் தீர்மானிப்பது தூரத்தைவிட, எந்த ஒதுக்கீட்டில் சீட் வாங்குகிறோம் என்பதுதான். கர்நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மங்களூருக்குப் பக்கத்தில் சூரத்கல்லில் மத்திய அரசின் என்ஐடி (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) இருக்கிறது. ஜேஇஇ மெயின் என்ற அகில இந்திய நுழைவுத்தேர்வு வழியாகத்தான் அங்கே சேர முடியும். அங்கே கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்திலிருந்து 5 லட்சத்துக்குள் இருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. கட்ட வேண்டியது சுமார் 42,000 ரூபாய். 1 லட்சத்துக்கும் குறைவு என்றால் கல்விக் கட்டணமே கிடையாது. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமலே முழுத் தள்ளுபடி. அதற்கு மேல், ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் பிசி, எம்பிசி பிள்ளைகளுக்கு, வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 2 லட்சம் வரை உதவித்தொகை தருகிறது. மதுரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒரு கல்லூரி, நம்மூரில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்வதைவிட மலிவாக முடியலாம்.

அதே கர்நாடகத்தில் தனியார் கல்லூரி என்றால் கதையே வேறு. அந்த மாநிலத்தின் பொது நுழைவுத்தேர்வு வழியாகக் கிடைக்கும் குறைந்த கட்டண இடங்கள் பெரும்பாலும் அங்கேயே 7 ஆண்டுகள் படித்த பிள்ளைகளுக்குத்தான். நம் பிள்ளைக்கு மிஞ்சுவது அங்குள்ள தனியார் கல்லூரிகளுக்கான காமெட்கே நுழைவுத்தேர்வு அல்லது மேனேஜ்மென்ட் இடம். தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் அங்கே மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. முதல் பட்டதாரிச் சலுகையும் எல்லை தாண்டாது.

உங்கள் வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடித்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. டிஎன்இஏ என்கிற தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கவுன்சலிங் மூலம் சேர்ந்தால், முதல் பட்டதாரிக்குச் சுயநிதிக் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாயை அரசே கட்டுகிறது. 2017இல் கட்டணக் குழு வகுத்த கணக்கில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கல்விக் கட்டணம் 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. அந்தக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்டப் பாதிக் கட்டணம் குறைகிறது. ஆனால் அதே கல்லூரியில், அதே வகுப்பில், மேனேஜ்மென்ட் கோட்டாவில் உட்கார்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. ஆகவே, 'தமிழ்நாட்டுக்குள்ளே தானே' என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

இப்போது நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பிய அந்த ஒற்றைத் தாளுக்கு வருவோம். மேலே தடித்த எழுத்தில் முதலாண்டுக் கல்விக் கட்டணம் போட்டிருக்கிறது. அதன் கீழே 'ஹாஸ்டல், மெஸ் சுமார்' என்று ஒரு தொகை. கடைசி வரியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், 'இதர கட்டணங்கள் கல்லூரி விதிப்படி'. இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. கல்லூரி முத்திரை இல்லை, பணம் யார் பெயரில் போகிறது என்ற விவரமும் இல்லை. ஒரு செல்போன் நம்பர் மட்டும்தான். ஹார்டுவேர் கடை நடத்துகிறவர் நீங்கள். இப்படி ஒரு கொட்டேஷனை நம்பி ஒரு மூட்டை சிமென்ட் எடுப்பீர்களா?

நான்கு ஆண்டுக் கட்டணமும் தனித்தனியாகக் கல்லூரி லெட்டர்பேடில் வேண்டும் என்று கேளுங்கள். தேர்வுக் கட்டணம், லேப் கட்டணம், ஆய்வுப் பயணம், பிளேஸ்மென்ட் பயிற்சி, திரும்பத் தராத டெபாசிட் எல்லாம் அதில் வர வேண்டும். தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 'சீட்டை உறுதி செய்ய' என்று சொல்லி மார்க் ஷீட், டிசி அசலைக் கேட்பார்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுமே தவிர, அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.

கடன் வாங்கிச் சமாளித்துவிடலாம் என்று உங்கள் மைத்துனர் சொல்கிறாராம். அந்தக் கணக்கை நான் முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 8 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதலாண்டு வாங்கிய 2 லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 1 லட்சம். அடுத்தது 80,000, அதற்கடுத்தது 60,000, கடைசி ஆண்டுப் பணத்துக்கு 40,000. ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 10.8 லட்சமாக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 14,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரும் சம்பளத்தில், பெங்களூர் வாடகையும் கொடுத்துவிட்டு, ஒரு 22 வயதுப் பெண்ணால் இதைக் கட்ட முடியுமா என்று யோசியுங்கள். அவளால் முடியாத மாதத்தில் கடைக்கல்லாவிலிருந்துதான் எடுப்பீர்கள்.

கடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 நவம்பரில் ஒப்புதலான பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கல்விக்கடன் கிடைக்கும். வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் அது பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். கன்சல்டன்சிக்காரர் சொல்லும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேர்ந்த பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை.

சரி, உள்ளூரில் என்ன கிடைக்கும்? தியாகராசர் பொறியியல் கல்லூரி திருப்பரங்குன்றத்தில், நீங்கள் மதுரைக்கு வரும் வழியிலேயே இருக்கிறது. 1957இல் தொடங்கிய அரசு உதவி பெறும் கல்லூரி. அங்கேயே உதவி பெறும் பிரிவுக்கு ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவுக்கு ஒரு கட்டணம்; கவுன்சலிங்கில் சாய்ஸ் (கல்லூரி விருப்பப் பட்டியல்) நிரப்பும்போது எது எது என்று பார்த்து நிரப்ப வேண்டும். 181க்கு அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் எதிர்பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவில், மெக்கானிக்கல் மாதிரிப் பிரிவுகளுக்கு முயலலாம். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றால் மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் வேறு நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் விவரம் டிஎன்இஏ இணையதளத்தில் கிடைக்கும். பாப்பாவோடு உட்கார்ந்து உங்கள் சமூகப் பிரிவுக்கு நேரே பாருங்கள். வீட்டிலிருந்து போய்வந்தால் ஹாஸ்டலும் மெஸ்ஸும் மிச்சம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. பெங்களூர் என்றால் தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வரும் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். ரயிலில் மாணவர் சலுகை ஸ்லீப்பரில் பாதிக் கட்டணம்தான், ஆனால் 60 நாள் முன்னால் முன்பதிவு திறந்த அன்றே விழித்திருந்தால்தான் பண்டிகை நேரத்தில் இடம் கிடைக்கும். இல்லையென்றால் ஆம்னி பஸ் கேட்கிற காசுதான்.

சின்னவன் விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கவலை. விஜயவாடாவில் ஜேஇஇ பயிற்சி நன்றாக இருக்கும், சீட் நிச்சயம் என்று சொன்னவர்கள் ஒன்றைச் சொல்லவில்லை. என்ஐடிகளில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தாருக்கு. எந்த மாநிலத்துப் பிள்ளை என்பதை, பிளஸ் டூ எங்கே தேர்ச்சி பெற்றான் என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ரேஷன் கார்டை வைத்து இல்லை. விஜயவாடாவில் பிளஸ் டூ முடித்தால் அவன் ஆந்திரப் பிள்ளை. திருச்சி என்ஐடியில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளோடு மட்டும் போட்டியிடும் வாய்ப்பு போய்விடும். மற்ற மாநிலத்தார் அத்தனை பேரோடும் மோத வேண்டும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் 2021 முதல் தனியாக உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டிவிடும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசி இரண்டு வருடத்துக்காக வெளியே போனால் இத்தனையும் கைவிட்டுப் போகும், அதுவும் பணம் கட்டிப் போவதால். அவன் இங்கேயே பிளஸ் ஒன் சேரட்டும். ஜேஇஇ எழுத ஆசை இருந்தால் மாலையிலோ லீவிலோ பயிற்சிக்கு வழி பார்க்கலாம், அதற்கு நான் உதவுகிறேன்.

இப்போது உடனே செய்ய வேண்டிய வேலை இ-சேவை மையத்தில் இருக்கிறது. பாப்பாவுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் கூட்டம் கூடுவதற்குள் வாங்கிவிட வேண்டும். அவள் ஜேஇஇ மெயின் எழுதியிருந்தால் மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழும் தேவை, அது இந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சாய்ஸ் பட்டியலை நீங்களும் பாப்பாவுமாக எழுதி எனக்கு அனுப்புங்கள். கவுன்சலிங் இணையதளத்தில் அதைப் பூட்டுவதற்கு (லாக் செய்வதற்கு) முன்னால் வரிவரியாகப் பார்த்துவிடுவோம்.