வாங்கி விற்றால் சண்டை வராதா?

கேள்வி: நாடுகள் ஒன்றோடொன்று வியாபாரம் செய்தால் போர் வராது, அதற்கு ஐரோப்பாவே சாட்சி என்கிறார் என் மகளின் ஆசிரியர். ரஷ்யாவிடம் ஜெர்மனி அத்தனை எரிவாயு வாங்கியும் உக்ரைன் போர் வந்ததே?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: நியாயமான சந்தேகம். வெறும் வியாபாரம் போரைத் தடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. 1914இல் ஜெர்மன் சரக்குக்குப் பெரிய சந்தையே பிரிட்டன்தான். அப்படியும் இரண்டும் மோதிக்கொண்டன. பிரான்ஸும் ஜெர்மனியுமோ 1870க்கும் 1945க்கும் இடையில் மூன்று முறை.

1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் முன்வைத்தது வேறு யோசனை. பீரங்கிக்கு எஃகு வேண்டும், எஃகுக்கு நிலக்கரி வேண்டும். இரு நாடுகளும் இந்த இரண்டையும் ஒரு பொது ஆணையத்தின் கையில் கொடுத்துவிட்டால்? ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களில் எவ்வளவு வெட்டுகிறார்கள், என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பதெல்லாம் பக்கத்து நாட்டுக்கும் தெரிந்துவிடும். அப்புறம் ரகசியமாக ஆயுதம் குவிப்பது சுலபமில்லை. 1951இல் இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் நாடுகளும் சேர்ந்து கையெழுத்திட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விதை அதுதான். (ஷூமன் லக்ஸம்பர்கில் பிறந்து, ஜெர்மன் குடிமகனாக வளர்ந்து, முதல் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் ஆனவர். எல்லைக்கோடு நகர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

ரஷ்ய எரிவாயுவில் இப்படி எதுவும் கிடையாது. குழாயில் வாயு வந்தது, பணம் போனது, அவ்வளவுதான். ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் ஏறக்குறைய பாதி ரஷ்யாவுடையது. குழாயைத் திறந்து மூடும் வால்வு மாஸ்கோவின் கையில். 2022 ஜூனில் வாயு வரத்தைக் குறைத்தார்கள், ஆகஸ்ட் கடைசியில் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு வரும் நார்ட் ஸ்ட்ரீம் குழாய் நின்றே போனது. வாங்குகிறவரை மிரட்டத்தான் அந்த வியாபாரம் பயன்பட்டது.

சரி, ஆசிரியரிடம் இன்னொன்றும் கேட்கச் சொல்லுங்கள். 1950இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி இரண்டுக்கும் சோவியத் பயம் இருந்தது, அமெரிக்கப் படை மேற்கு ஜெர்மனியிலேயே முகாமிட்டிருந்தது. அந்தக் காவல் இல்லாவிட்டால், அடிபட்டுச் சில வருடங்களே ஆன பிரான்ஸ் ஜெர்மனியோடு சுரங்கத்தைப் பங்கிடத் துணிந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.